எரவபாண்டியும் பெருமாட்டியும்

கோயம்புத்தூரிலோ ஐதராபாத்திலோ பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸிலோ, புகையான் பூச்சியைத் தாங்கும் நெல் எது என்று கண்டறியும் சோதனை நடக்கும்போது, நாற்றுத் தட்டுகளில் வழக்கமாக இரண்டு ரகங்கள் உடன் விதைக்கப்படுகின்றன. ஒன்று தைச்சுங் நேட்டிவ்-1. பூச்சி ஏறியதும் இது எளிதில் மடியும். சோதனை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதன் சாவே சான்று. மற்றொன்று பி.டி.பி. 33. சுற்றிலும் பயிர் தீய்ந்துகொண்டிருக்க, இது பச்சையாக நிற்கும். புதிய ரகங்களின் தாங்குதிறன் இதனோடு ஒப்பிட்டே மதிப்பிடப்படுகிறது. பி.டி.பி. என்னும் எழுத்துகள் குறிப்பது பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழைக் கரையிலுள்ள பட்டாம்பியை. அரிக்கிராய் என்று உழவர்கள் அழைத்துவந்த ஒரு நாட்டு நெல்லுக்கு அங்குள்ள ஆராய்ச்சி நிலையம் இட்ட எண் 33.

பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் 1927இல் தொடங்கப்பட்டது. மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். நிலையத்தின் தொடக்ககால வேலை புதிய நெல்லை உருவாக்குவதன்று. உழவரிடம் ஏற்கெனவே இருந்ததைச் சேகரித்து, தனித்தனிக் கதிராகப் பிரித்து, தூய வழியாகப் பெருக்குவது. ஆரியன், தெக்கன் சீரா, எரவபாண்டி, தெக்கன், அரிக்கிராய் என்று வயலில் வழங்கிய பெயர்களுக்குப் பக்கத்தில் எண்கள் ஏறின. எரவபாண்டி பி.டி.பி. 18 ஆயிற்று, தெக்கன், பி.டி.பி. 21. எண் ஏறியதும் பெயர் மங்குவது ஆய்வுலகில் இயல்பு. உலகின் நெல் ஆய்வேடுகளில் எண் மட்டும் நிலைத்து, பெயர் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கிவிட்டது.

அந்தப் பெயர்களில் ஒரு சிறு வரலாறு கிடக்கிறது. மலையாளப் பேச்சில் பாண்டி என்பது மலைக்குக் கிழக்கேயுள்ள தமிழ்நிலத்தைக் குறிக்கும். தெக்கன் என்பது தெற்கிலிருந்து வந்தது என்னும் பொருளைத் தரும். ஆகவே எரவபாண்டி கணவாய் வழியே கிழக்கிலிருந்து வந்த விதையாகலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஊகம் என்பதற்குமேல் அதை உயர்த்தக் கூடாது. பெயர் மட்டும் வைத்து விதையின் பிறப்பிடத்தை நிறுவ இயலாது. ஆனால் விதைகள் நடந்த வழி எது என்பதில் ஐயமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அவ்வளவு அகலமான திறப்பு பாலக்காட்டுக் கணவாய் ஒன்றே. காற்றும் மாடும் சரக்கும் மொழியும் அவ்வழியே இருபுறமும் போய்வந்தன. மடியில் முடிந்த விதை மட்டும் வராமலா இருந்திருக்கும்?

எரவபாண்டியின் அருமை உலகுக்குத் தெரிந்தது ஒரு பேரழிவினால். 1966இல் வெளியான ஐ.ஆர். 8 ஆசியாவின் வயல்களை நிரப்பியது. குட்டையான தாள், மிகுந்த உரம், ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம், ஓயாத பூச்சிமருந்து. ஒரே ரகம் கண்ணுக்கெட்டிய தொலைவு நின்றபோது, அதுவரை சிறு தொல்லையாக இருந்த புகையான் பெருங்கேடாக மாறியது. தாளின் அடியில் கூட்டமாக ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி பெருகினால் வயல் வட்டவட்டமாகக் கருகிப்போகும். தமிழ் உழவர் அதற்கு இட்ட பெயரிலேயே அந்தக் கருகல் இருக்கிறது. 1973-74இல் குட்டநாட்டுப் புஞ்சை பெரும் சேதம் கண்டது. பிலிப்பைன்ஸும் இந்தோனேசியாவும் தப்பவில்லை. 1973இல் தாங்குதிறனுடன் வெளியிடப்பட்ட ஐ.ஆர். 26 சில ஆண்டுகளே நின்றது. அதை உண்ணப் பழகிய புகையான் வகை தோன்றிவிட்டது.

1976இல் வந்த ஐ.ஆர். 36 தான் நின்றது. ஆறு நாடுகளைச் சேர்ந்த 13 ரகங்களின் கலப்பு அது. அதன் மூதாதைகளில் ஒன்று, கட்டாக்கிலுள்ள நடுவண் நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஆனைக்கொம்பன் ஈயைத் தாங்கும் நெல் வேண்டி உருவாக்கிய சி.ஆர். 94-13. அந்தக் கலப்பினத்துக்குள் போயிருந்தவை பி.டி.பி. 18, பி.டி.பி. 21, அதாவது எரவபாண்டியும் தெக்கனும். ஈக்காகத் தேடிய நெல் புகையானுக்கும் மருந்தானது. இதே ஐ.ஆர். 36இல் புல்தழைக் குட்டை நோயைத் தாங்கும் பண்பு உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரு காட்டு நெல்லிலிருந்து வந்தது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபின் அகப்பட்ட ஒரே மாதிரி அது. 1980களில் ஐ.ஆர். 36 சுமார் 1.1 கோடி எக்டேரில் பயிரானது. அதுவரை வேறெந்த உணவுப் பயிரின் ரகமும் அவ்வளவு பரப்பில் விளைந்ததில்லை என்பர். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குர்தேவ் குஷ் 1996இல் உலக உணவுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எரவபாண்டியைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, கதிர் தெரிந்து, குதிரில் காத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இருக்கவும் வழியில்லை; அவர்கள் பலர், பெரும்பாலும் கூலியாட்கள்.

உயிர்ப்பன்மையைக் காப்பது ஏன் முதன்மையானது என்று கேட்போருக்கு இந்த ஒரு நெல்லின் கதையே போதும் என்று தோன்றலாம். ஆனால் அது பாதிக்கதை. விதையை எண்ணிட்டுக் குளிரறையில் வைத்தால் காத்ததாகிவிடும் என்னும் எண்ணத்துக்கு இந்தக் கதையே துணைபோகக் கூடும். லாஸ் பானோஸ் விதை வங்கியில் ஓர் இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் உறைகுளிரில் உள்ளன. தேவையான ஏற்பாடுதான். எனினும் குளிரறையில் விதைக்குக் காலம் ஓடுவதில்லை. வெளியே பூச்சிக்கு ஓடுகிறது. ஐ.ஆர். 26ஐ வென்ற புகையான் வயலில்தான் மாறியது. அதற்கு எதிராக நெல்லும் மாற வேண்டுமானால் நெல் வயலில் இருக்க வேண்டும். வயலில் நீர் இருக்க வேண்டும். எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்று தெரிந்த கை அருகில் இருக்க வேண்டும். இம்மூன்றும் எப்படி ஒருசேர அற்றுப்போகும் என்பதற்குப் பட்டாம்பியிலிருந்து அதே ஆற்றைப் பிடித்துக் கிழக்கே போனால் ஓர் ஊர் இருக்கிறது.

பெருமாட்டி, பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலுள்ள ஊராட்சி. (ஆந்திரச் சித்தூருடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகருக்குப் பெருமான் என்பதன் பெண்பாற்சொல் நினைவுக்கு வரும். ஊர்ப்பெயருக்கும் அச்சொல்லுக்கும் உறவுண்டா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆனைமலையில் தோன்றி வரும் சித்தூர்ப்புழை பாரதப்புழைக்கு நீர் தரும் கிளைகளுள் ஒன்று. கேரளம் என்றதும் நினைவில் எழும் ஓயாத மழை இங்கில்லை. மழை மறைவுப் பகுதி, கிழக்கே சில கல் தொலைவில் தமிழ்நாடு. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் மண். பழைய கொச்சி அரசுக்குச் சொந்தமாக இருந்தும், அவ்வரசின் பிற நிலத்திலிருந்து துண்டுபட்டு, பிரித்தானிய மலபாருக்கும் கோயம்புத்தூர் மாவட்டத்துக்கும் நடுவே கிடந்த வட்டம் சித்தூர்.

இவ்வட்டத்து எரவாளரைப் பற்றி, பாலக்காட்டில் பிறந்த மானிடவியலாளர் எல்.கே. அனந்தகிருஷ்ண ஐயர் 1909இல் வெளிவந்த கொச்சிக் குடிகளும் சாதிகளும் பற்றிய தம் நூலின் முதல் தொகுதியில் எழுதியிருக்கிறார். வில்வேடர் என்றும் அழைக்கப்பட்ட அவர்கள் காட்டுக்குடியினர், தாய்மொழி தமிழ், நிலவுடைமையாளரின் வயல்களில் வேலை செய்து வாழ்ந்தவர்கள். காட்டுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சமூகம் நின்ற காலத்தின் பதிவு அது. எரவபாண்டிக்கும் எரவாளருக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கத் தோன்றும். ஒலி ஒத்திருப்பது வேர் ஒத்திருப்பதாகாது; கேள்வியைக் கேள்வியாகவே விடுவது நல்லது. காடு கைநழுவிய பிறகு அவர்களுக்கு மிஞ்சியவை பிறர் வயலில் வேலையும் குடியிருப்பில் ஒரு கிணறும்.

இங்கே ஒரு முரண் உண்டு. இந்தியாவில் இயற்கைப் பாதுகாப்பு என்னும் சொல்லுக்கு இன்றுள்ள பொருளைத் தந்ததில் பாலக்காடு மாவட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் எம்.கே. பிரசாதும் கவிஞர் சுகதகுமாரியும் எழுப்பிய குரலில் அத்திட்டம் கைவிடப்பட்டு, 1984 நவம்பர் 15 அன்று அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு அப்போராட்டத்தின் முகமாயிற்று. பெருமாட்டிக்கு இன்னும் அருகில், முதலமடை ஊராட்சியின் எல்லைக்குள், பரம்பிக்குளம் உள்ளது. கொச்சி அரசு சாலக்குடியிலிருந்து அங்கே காட்டு டிராம் பாதை அமைத்து, 1907 முதல் தேக்கும் ஈட்டியும் இறக்கியது. வெட்டி முடித்த அந்தக் காடு 1973இல் சரணாலயமாகி, 2010இல் புலிகள் காப்பகமாயிற்று. உள்வட்டமும் வெளிவட்டமும் சேர்ந்து 643.66 சதுர கி.மீ. கேரளத்தின் காடுதான், ஆனால் வண்டியில் போகச் சேத்துமடை வழியே தமிழ்நாட்டுக்குள் நுழைந்துதான் ஆகவேண்டும்.

நல்லவை நடந்தன. ஆனால் அந்த வெற்றிகளோடு ஒரு பழக்கமும் வேரூன்றியது: உயிர்ப்பன்மை என்றால் காடு, அதற்கு ஓர் எல்லைக்கோடு, ஒரு வாயில், ஒரு பெரிய விலங்கு. கோட்டுக்கு வெளியே இருந்த வயலும் குளமும் வரப்பும் வேளாண்மை, பாசனம், வருவாய் என்று மூன்று துறைகளுக்குள் சிதறின. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தத்தின்படி சித்தூர்ப் பள்ளத்தாக்குக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவு வழியே வர வேண்டும். அந்த நீர் எந்தக் காட்டில் ஊறியது என்பது ஒப்பந்தத்தின் கவலையன்று. எந்த நெல்லுக்குப் பாய்கிறது என்பதும் அன்று. கேரளத்தின் நெல் பரப்போ 1970களின் நடுவில் சுமார் 8.8 இலட்சம் எக்டேராக இருந்து, இன்று இரண்டு இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. நெல்வயலைக் காக்கும் சட்டம் 2008இல்தான் வந்தது.

அதற்கு எட்டு ஆண்டு முன்பு, 2000இன் தொடக்கத்தில், பெருமாட்டி ஊராட்சி பிளாச்சிமடையில் 34 ஏக்கரில் இந்துஸ்தான் கோகோ கோலா நிறுவனத்துக்கு ஆலை உரிமம் தந்தது. வேலைவாய்ப்பும் வரி வருவாயும் எந்த ஊராட்சிக்கும் இனிப்பவை. பெருமாட்டி மட்டும் விதிவிலக்காக இருந்திருக்க முடியாது. ஆழ்துளைக் கிணறுகள் நாளொன்றுக்கு ஐந்து இலட்சம் லிட்டருக்குமேல் நீர் எடுத்தன. ஈராண்டுக்குள் சுற்றுக் குடியிருப்புகளின் கிணற்று நீர் சமைக்கவும் குளிக்கவும் உதவாததாயிற்று. ஆலையின் கசடு உரம் என்று சொல்லி உழவருக்குத் தரப்பட்டது. அதில் காட்மியமும் காரீயமும் உள்ளன என்று 2003 சூலையில் பி.பி.சி. வானொலி, எக்சிடர் பல்கலைக்கழகத்துச் சோதனையைக் காட்டி வெளியிட்டபோதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

உள்ளூர் அதற்கு முன்பே எழுந்துவிட்டது. 2002 ஏப்ரல் 22 அன்று சி.கே. ஜானு தொடங்கிவைக்க, ஆலை வாயிலுக்கு எதிரே பந்தல் போடப்பட்டது. பந்தலின் முகமாக இருந்தவர் விஜயநகர் குடியிருப்பைச் சேர்ந்த மயிலம்மா, எரவாளர் பெண். எழுதப் படிக்கக் கல்லாதவர். நீரின் தரத்தைச் சுவையாலும், அதில் அரிசி வேகும் விதத்தாலும் அறிந்தவர். 2007 சனவரி 6 அன்று அவர் மறைந்தார். அவர் சொன்ன வாழ்க்கையை ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் பதிவு செய்தார். தமிழிலும் அது வந்திருக்கிறது. ஆய்வகமும் சான்றிதழும் இல்லாத ஒரு பெண்ணின் கண்டறிவை ஆய்வகங்கள் ஓராண்டு பிந்தி உறுதிசெய்தன என்பதை இவ்வரலாற்றின் ஓரச்செய்தியாகக் கடந்துபோக முடியாது. கதிர் பார்த்து விதை தெரிந்தவர்களிடம் இருந்ததும் இதே வகை அறிவுதான்.

2003 ஏப்ரல் 7 அன்று, ஏ. கிருஷ்ணன் தலைமையிலான ஊராட்சி, உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்தது. கணிசமான சொந்த வருவாயை இழக்கத் துணிந்த முடிவு அது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரியது, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றது. அத்தீர்ப்பில் பரவலாகப் பேசப்படாத ஒரு கூறு உண்டு. நிறுவனம் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்கு நீதிபதி ஓர் அளவுகோல் சொன்னார்: 34 ஏக்கரில் பயிர் செய்யும் ஒருவர் பாசனத்துக்கு வழக்கமாக எடுக்கும் அளவு. ஆலையை அளக்க வயலைக் கோலாகக் கொண்டது அத்தீர்ப்பு. அந்த மண்ணுக்கு எவ்வளவு நீர் இயல்பு என்பது அதில் நெல் விளைந்த காலத்திலேயே எழுதப்பட்டிருந்தது போலும்.

2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு அக்கோலை ஒதுக்கிவைத்து, வல்லுநர் குழு அறிக்கையின்படி, மழை இயல்பாகப் பெய்யும் ஆண்டில் நாளுக்கு ஐந்து இலட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. போதிய அறிவியல் சான்றின்றி ஊராட்சி மறுக்க இயலாது என்பது அதன் கருத்து. ஆலை மீண்டும் இயங்கவில்லை. இயக்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் கூறியதை ஏற்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. நிலத்தடி நீருக்கு உரியவர் யார் என்னும் கேள்வி விடையின்றி நின்றுபோயிற்று.

இழப்பை அளக்கக் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் சுமார் 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. வேளாண் இழப்பு 84.16 கோடி, மற்றவை நீர்நிலை மாசு, உடல்நலக் கேடு, குடிநீர் வழங்கல், கூலியிழப்பு. 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது திரும்பி வந்தது. பணம் வராமல் போனது ஒரு அநீதி. தலைப்புகளின் பட்டியல் சொல்வது இன்னொன்று. விளைச்சல் குறைந்ததற்குத் தொகை இருக்கிறது. வயலோடு போன நெல் ரகத்துக்கும், வரப்புக் கீரைக்கும், குளத்து மீனுக்கும், அவற்றின் பெயர் தெரிந்த நாக்குக்கும் தனித் தலைப்பு இல்லை. குழுவைக் குறை சொல்லிப் பயனில்லை. எண்ணி வைக்காததற்கு விலை கணக்கிட எவராலும் ஆகாது.

எண்ணி வைக்கச் சட்டம் உண்டு. பிளாச்சிமடைப் பந்தலில் மக்கள் அமர்ந்திருந்த அதே 2002இல் நாடாளுமன்றம் உயிரியல் பன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 41ஆம் பிரிவின்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பன்மை மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். ஊரின் மரம், மீன், நாட்டு ரகம், அவை பற்றிய வழக்கறிவு ஆகியவற்றை மக்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். கேரளம் இதில் முன்னணியில் நின்ற மாநிலம். ஆனால் அதே ஆண்டின் கேரள நிலத்தடி நீர்ச் சட்டம், ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை மாநில அளவிலான ஆணையத்திடம் வைத்தது. ஊராட்சி நெல்லின் பெயரைப் பதிவேட்டில் எழுதலாம். அந்த நெல் நிற்கும் மண்ணின் நீரை வேண்டாம் என்று காத்துக்கொள்ள, 2005 தீர்ப்புக்குப் பின், அதற்கு உறுதியான வழியில்லை. பெயரை ஒருவரிடமும் நீரை வேறொருவரிடமும் ஒப்படைத்த இந்தப் பிரிவினைதான் பெருமாட்டி வரலாற்றில் மிகவும் கவலைக்குரியது. சித்தூர் ஒன்றியம் நிலத்தடி நீர் மிகையாகச் சுரண்டப்பட்ட பகுதி என்று அரசின் பட்டியலிலேயே ஏறியது.

2025 சனவரியில், பெருமாட்டிக்கு வடக்கே அதே மழை மறைவு நிலத்திலுள்ள எலப்புள்ளியில், மதுபான ஆலை ஒன்றுக்குக் கேரள அமைச்சரவை தொடக்க ஒப்புதல் அளித்தது. எலப்புள்ளி ஊராட்சி எதிர்த்தது. நீர் எங்கிருந்து வரும், எவ்வளவு, அதைத் தீர்மானிப்பவர் யார் என்று அங்கே எழுந்த கேள்விகளைப் பிளாச்சிமடைப் பந்தலில் இருந்தவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள்.